முகூர்த்தமும் வருகைப் பதிவேடும்: பள்ளி நாளில் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் செல்வது பற்றி

வாசகர் கேள்வி, 2025 நவம்பர் 8

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இருக்கிறோம். என் மனைவியின் தம்பிக்கு ஜனவரி 28, புதன்கிழமை, கும்பகோணத்தில் திருமணம். மூத்தவன் அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பு, இளையவள் கிரேட் ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு. பள்ளி ஜனவரி 14 அன்று திறக்கிறது. தாய்மாமன் கல்யாணத்தில் பிள்ளைகள் இல்லாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்கிறார் மனைவி. பத்து நாள் வரை விடுப்பு எடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடலாமா?

நவம்பர் 9

வேறு என்ன எழுதினாலும் எழுதுங்கள், காய்ச்சல் என்று மட்டும் எழுதாதீர்கள். ஏன் என்பதை இன்னொரு நாள் விரிவாகச் சொல்கிறேன். அது என் வீட்டுக் கதை, சுருக்கமாகச் சொல்ல வராது.

பத்து நாள் விடுப்பு என்று ஒன்று கிடையாது. 2010-இல் அரசிதழில் வந்த மாணவர் வருகைக் கொள்கையில் பத்து என்ற எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது சலுகைக்கான எண் அல்ல. தக்க காரணம் இல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து பத்துப் பள்ளி நாள்கள் வராவிட்டால், பெற்றோரைத் தொடர்புகொள்ள முயன்ற பிறகு, தலைமை ஆசிரியர் அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் அடிக்கப்படும் நாளை விடுப்பின் அளவு என்று படித்துக்கொள்வது, கிணற்றின் ஆழத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதுவரை இறங்கலாம் என்று முடிவு செய்வதைப் போன்றது.

சட்டத்தின் அடிப்படை இது. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, பிள்ளைக்கு ஏழு வயது நிறையும் ஆண்டின் முதல் பள்ளி நாளிலிருந்து, பதினைந்து வயது நிறையும் ஆண்டின் கடைசிப் பள்ளி நாள் வரையிலோ ஒன்பதாம் வகுப்பு முடியும் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை, பள்ளிக்கு அனுப்ப வேண்டியது பெற்றோரின் கடமை. நியாயமான காரணமின்றித் தவறினால் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இளையவள் கிரேட் ஆர் என்பதால் அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, அது கட்டாய வகுப்பு அல்ல.

நவம்பர் 10

நேற்று எழுதியதில் இரண்டு பிழைகள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆசிரியராக இருக்கும் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. நான் பழைய சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். பெலா என்று எல்லோரும் சொல்லும் திருத்தச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரமபோசா 2024 செப்டம்பர் 13 அன்று கையெழுத்திட்டார். அதன்படி கிரேட் ஆர் இப்போது கட்டாயக் கல்விக்குள் வந்துவிட்டது, சிறையின் உச்ச வரம்பும் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்ந்துவிட்டது. ஆகவே கடிதம் எழுதும்போது இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள்.

கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போன குற்றத்துக்காக இந்த மாகாணத்தில் யாரும் சிறைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளைப் பள்ளிப் பக்கமே அனுப்பாத பெற்றோரை நினைத்து எழுதப்பட்ட பிரிவு அது. அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் பயமில்லை என்பதும் பொய் சொல்லலாம் என்பதும் ஒன்றல்ல.

நவம்பர் 12

காய்ச்சல் கதை.

2019-இல் ஆவணி முகூர்த்தத்தில் என் தம்பிக்கு மயிலாடுதுறையில் திருமணம். அப்போது மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மூன்றாம் பருவம் நடந்துகொண்டிருந்தது. கேட்டால் மறுப்பார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, இருவருக்கும் காய்ச்சல் என்று பள்ளிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, எட்டுப் பள்ளி நாள்கள் போய்விட்டு வந்தோம். ஊருக்குப் போன விஷயத்தைப் பள்ளியில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று விமானத்திலேயே இரண்டு பேருக்கும் பாடம் நடத்தினேன். மகள் கைகளில் முழங்கை வரை மருதாணி. அதையாவது சட்டைக் கையில் மறைக்கலாம். மகனுக்கு வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போடுவதாகப் பிறந்தபோதே வேண்டுதல் இருந்தது, அதையும் அந்தப் பயணத்திலேயே நிறைவேற்றிவிட்டோம். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை பளபளவென்ற தலையோடு வகுப்புக்குப் போனான்.

அவனுடைய ஆசிரியை ஜூலு இனத்தைச் சேர்ந்தவர். வீட்டில் இறப்பு நேர்ந்தால் தலையை மழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அவர் மகனைத் தனியே அழைத்து, மிகவும் மெதுவாக, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார். வாயைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா? அவன் தலையை ஆட்டிவிட்டான். பாட்டியா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் ஆட்டிவிட்டான். அன்று மதியத்துக்குள் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து, பூவும் மெழுகுவர்த்தியும் வரைந்து, ஓர் இரங்கல் அட்டை தயார் செய்துவிட்டார்கள்.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்பவர் என் மாமியார். நாள்தோறும் பேரனை அழைத்து வருபவர் அவர்தான், ஆசிரியைக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆகவே இறந்தது மற்றொரு பாட்டி, அதாவது என் அம்மா, என்று அவர் முடிவு செய்துகொண்டு, அட்டையை மாமியார் கையில் கொடுத்து, மருமகளிடம் எங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்திருக்கிறார். ஊருக்குப் போனதே கல்யாணத்துக்குத்தானா, அல்லது சம்பந்தியம்மாள் போய்ச் சேர்ந்ததைத் தன்னிடம் மறைத்துவிட்டார்களா என்று குழம்பிப்போய், என் மாமியார் அழுதுகொண்டே வீட்டுக்குள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். நடுங்கும் கையோடு ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மாலை ஆறு மணி. விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா, கல்யாணச் சீர் முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்ததா என்று கேட்டார்.

நவம்பர் 13

பிறகு என்ன ஆயிற்று என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஆசிரியை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அட்டை வரைந்த பிள்ளைகளிடம் தான் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் மகனையே வகுப்பின் முன்னால் நிறுத்தி, எங்கள் கோயிலில் எதற்காக முடி கொடுக்கிறோம் என்று சொல்லச் சொன்னார். முடியைக் கோயிலில் என்ன செய்வார்கள் என்று ஒரு பையன் கேட்க, அவன் விற்றுவிடுவார்கள் என்று உண்மையைச் சொல்ல, வகுப்பு சிரித்து முடிந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. செப்டம்பர் வந்தால் அரச மாளிகையில் நடக்கும் நாணல் திருவிழாவுக்கு நொங்கோமாவுக்குப் போகும் பெண் பிள்ளைகள் அவருடைய சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறார்களாம். யாரும் காய்ச்சல் என்று சொல்வதில்லையாம்.

அந்த எட்டு நாள்களும் பதிவேட்டில் நோய் என்றே இருக்கின்றன. எழுதியதை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 16

இப்போது நிதானமாக ஒன்றைச் சொல்கிறேன். பருவ விடுமுறையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று இங்கே பிறந்து வளர்ந்த நண்பர்கள் எங்களைப் போல வந்தவர்களைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். நாள்காட்டியையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை தெரியும்.

இந்த நாட்டின் நீண்ட விடுமுறை டிசம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. தமிழ்நாட்டில் அது மார்கழி. கோலம் போடலாம், திருப்பாவை பாடலாம், தாலி கட்ட முடியாது. செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடியும் சிறிய விடுமுறை புரட்டாசியில் விழுகிறது, அதிலும் கல்யாணம் இல்லை. ஜூலை விடுமுறை ஆடி. மார்ச் கடைசி விடுமுறை பங்குனி, எங்கள் பக்கத்தில் அதையும் பலர் தவிர்ப்பார்கள். இங்கே பள்ளி மூடியிருக்கும் மாதங்களையும் அங்கே கல்யாண மண்டபம் மூடியிருக்கும் மாதங்களையும் ஒரே ஆள் உட்கார்ந்து வகுத்தது போல இருக்கிறது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊரில் சொல்வார்கள், இங்கே தை பிறந்தால் பள்ளிக்கூடம் திறக்கும். இந்த ஆண்டு ஜனவரி 14 பொங்கல், 15 பள்ளி. வரும் ஆண்டு 14 பள்ளி, 15 பொங்கல்.

நவம்பர் 18

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். ஜூலை விடுமுறை முழுவதும் ஆடி என்று எழுதியது தவறு. இவ்வாண்டு ஜூன் 27 அன்று பள்ளி மூடியது, ஆடி பிறந்தது ஜூலை 17. இடையில் மூன்று வாரம் நல்ல ஆனி மாதம், முகூர்த்தங்கள் உள்ள மாதம். அடுத்த ஆண்டும் அப்படியே, ஜூன் 26-இலிருந்து. இதைச் சுட்டிய வாசகர், டிசம்பரில் பள்ளி மூடிய பிறகு மார்கழி பிறப்பதற்குள் கார்த்திகையில் ஐந்தாறு நாள் மிஞ்சும் என்பதையும் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். விமானத்தில் இருந்து இறங்கியதும் நேராக மணவறையில் உட்காருகிறவர்களுக்கு அது போதும்.

எனவே முடியவே முடியாது என்று நான் எழுதியது மிகை. ஆனி மாதத்தில் வையுங்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை என்று நாம் சொல்லலாம். ஆனால் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், மண்டபம், ஜாதகம், சமையற்காரர் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்டு முடிவான நாளை, கடல் கடந்து இருக்கிற ஓர் அக்காளின் பிள்ளைகளுக்காக மாற்றச் சொல்வதற்கு எனக்குத் துணிவு வந்ததில்லை. உங்கள் மனைவிக்கும் வராது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 23

என் மாமியார் இந்த இழையைப் படிக்க முடியாது, அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். அவருடைய தாத்தா நடாலின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். புதன்கிழமை கல்யாணம் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது. எனக்குப் புதன்கிழமை முகூர்த்தம் இயல்பாக இருக்கிறது, அவருக்குச் சனியும் ஞாயிறும்தான் இயல்பாக இருக்கின்றன. இங்கே கல்யாணம் வார இறுதியில் நடக்கும். இறந்தவருக்குச் செய்யும் பதினாறாம் நாள் காரியத்தைக்கூட உறவினர் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைப்பவர்கள் உண்டு. வந்த புதிதில், சாஸ்திரத்தை வசதிக்கு வளைத்துவிட்டார்களே என்று உள்ளூர நினைத்துக்கொண்டேன். அது என் அறியாமை.

1860 நவம்பர் 16 அன்று டிரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களுக்கு முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் கையில் பாஸ் வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. அவர்களுக்கு முகூர்த்த நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் ஏன் புனித வெள்ளியன்று தீமிதித் திருவிழா நடக்கிறது என்று வந்த முதல் ஆண்டில் நான் வியந்து கேட்டேன். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி விடுமுறை கொடுத்த நாள் அது, அதனால் அம்மனும் அந்த நாளுக்கு ஒத்துக்கொண்டாள் என்று மாமியார் சொன்னார். இசிபிங்கோவிலும் ஈஸ்டர் விடுமுறையில்தான் மாரியம்மனுக்கு அத்தனை கூட்டம்.

நூற்றறுபது ஆண்டுக்கு மேலாகத் தெய்வத்தையே விடுமுறைக்கு ஏற்ப நகர்த்திப் பழகிய குடும்பங்களுக்கு, ஒரு வாரம் பள்ளியை நகர்த்திக்கொள்ளலாமா என்று நாம் கேட்பது புதுமையாகப் படுவதில் வியப்பில்லை. கோசா மக்களும் தங்கள் பையன்களுக்குச் செய்யும் பருவச் சடங்கைக் குளிர்கால விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும்தான் நடத்துகிறார்கள். நாம்தான் கடைசியாக வந்தவர்கள், நம் நாள்காட்டி இன்னும் ஊரில் இருக்கிறது.

நவம்பர் 24

ஃபீனிக்ஸ் வாசகர் இடையில் எழுதியது: ஒன்பது நாள் போய்விட்டு, பத்தாம் நாள் ஒரே ஒரு நாள் பள்ளிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு, மீண்டும் ஒன்பது நாள் போகலாமா? நகைச்சுவைக்காகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை, துபாய் வழியாக ஒரு நாள் தலைகாட்டி வர ஆகும் செலவில் இன்னொரு கல்யாணம் நடத்தலாம்.

நவம்பர் 30

கடிதத்தில் எந்தக் காரணத்தை எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். கொள்கையில் தக்க காரணங்கள் என்று ஒரு வரிசை உண்டு: உடல் அல்லது மன நோய், குடும்பத்தில் இறப்பு, நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ ஆஜராக வேண்டிய நாள், பள்ளி நிர்வாகக் குழு ஒப்புக்கொண்ட சமய, பண்பாட்டுக் கடமைகள், வெள்ளம் போன்ற இயற்கை நிகழ்வுகள், இறுதியாக, பிள்ளையின் நலனுக்கு உகந்த அல்லது தவிர்க்க முடியாத சிறப்புச் சூழ்நிலை. கல்யாணம் என்ற சொல் எங்கும் இல்லை.

அப்படியானால் தாய்மாமன் திருமணம் பண்பாட்டுக் கடமையா? இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் மூக்குத்தி வழக்கு என் நினைவுக்கு வரும். டர்பன் பள்ளி ஒன்றில் படித்த தமிழ் மாணவி ஒருவர் 2004-இல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தார், பள்ளி விதி அதை அனுமதிக்கவில்லை. வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய், 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பு மாணவியின் பக்கம் நின்றது. அதில் நமக்கு வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு வழக்கம் சமயத்தில் கட்டாயமாக விதிக்கப்பட்டதா, இல்லை குடும்பம் விரும்பிக் கடைப்பிடிப்பதா என்று பார்த்து, விரும்பிச் செய்வதைக் கழித்துவிட முடியாது, அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

முதலில், இந்தத் தீர்ப்பையே கடிதத்தில் குறிப்பிடுங்கள் என்று எழுதலாம் என நினைத்தேன். இரண்டு நாள் யோசித்த பிறகு வேண்டாம் என்று தோன்றுகிறது. மூக்குத்தி மூக்கில் இருந்தபடியே பாடம் படிக்கலாம், கும்பகோணத்தில் இருந்தபடி ஃபீனிக்ஸில் பாடம் படிக்க முடியாது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கேட்டால் தலைமை ஆசிரியருக்கு எரிச்சல்தான் வரும். கடைசிக் காரணத்தின் கீழ், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: என் மனைவியின் உடன்பிறந்த தம்பிக்கு இன்ன நாள் இந்தியாவில் திருமணம், மணமகனின் அக்காள் பிள்ளைகள் என்ற முறையில் இவர்களுக்குச் செய்ய வேண்டிய சடங்குகள் உண்டு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ஐந்து பள்ளி நாள்கள், விட்டுப்போகும் பாடத்தைத் தந்தால் முடித்துக் கொண்டு வருவோம். அழைப்பிதழை இணையுங்கள். தமிழில் இருந்தால் என்ன, மஞ்சள் தடவிய அழைப்பிதழைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

குடும்பத்தில் இறப்பு என்று எழுதும்போது கை நின்றது. 2021 ஜூனில் என் அம்மா உண்மையிலேயே இறந்தார். வழக்கமான விமானங்கள் ஓடாத காலம், நான் போகவில்லை. யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. 2019-இல் வந்த அந்த அட்டையை மகன் எங்கிருந்தோ எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

டிசம்பர் 11

நேற்றோடு பள்ளி ஆண்டு முடிந்தது. ஒரு செய்தி சொல்ல வேண்டும், இந்த இழையைத் தொடங்கியபோது எனக்கே தெரியாது. என் அண்ணன் மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, காலை ஏழரை முதல் ஒன்பது, மயிலாடுதுறை. அத்தை நான். என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மகனுக்கு ஒன்பதாம் வகுப்பு. அடுத்தவருக்கு அறிவுரை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு நல்ல தண்டனை.

ஜனவரி 4

ஃபீனிக்ஸ் வாசகருக்கு. தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சரி என்றார், ஆனால் பத்தாம் நாள் மட்டும் வந்துவிட வேண்டும் என்கிறார், அந்தப் பத்து எது என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேறு பத்து. ஆண்டின் பத்தாவது பள்ளி நாளில் எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று நாடு முழுவதும் கணக்கு எடுப்பார்கள். எண்ணிப் பாருங்கள், இந்த ஆண்டில் அது ஜனவரி 27, செவ்வாய். நீங்கள் 24 சனிக்கிழமை கிளம்பினால் அந்த நாளில் மாப்பிள்ளை அழைப்பில் நின்றுகொண்டிருப்பீர்கள். பிள்ளைகள் சேர்ந்து படிக்கத் தொடங்கிவிட்டவர்கள், தெரிவித்துவிட்டு விடுப்பில் இருக்கிறார்கள் என்பது அன்று எழுத்தில் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆகவே வாய்மொழி போதாது, கடிதத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரேட் ஆர் பிள்ளைக்குத் தனியாக இன்னொரு கடிதம்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்துகள். பானையில் பால் பொங்கியது காலை ஐந்து மணிக்கு. ஆறரைக்குச் சீருடை.

ஜனவரி 18

என் வீட்டு நிலவரம். மகனுக்கு நான்கு நாள் கேட்டுக் கடிதம் கொடுத்தேன், வகுப்பாசிரியர் ஒரே வரியில் ஒப்புதல் எழுதி அனுப்பினார். மொட்டை கிடையாது என்று மகன் முன்நிபந்தனை போட்டிருக்கிறான்.

மகளுக்கு நான் கடிதம் எழுதி வைத்திருந்தேன், அவள் அதை வாங்கவில்லை. பிப்ரவரி 6 அன்று அவளுக்குப் பௌதிக அறிவியலில் செய்முறைத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பின் இறுதி மதிப்பெண்ணில் கால் பங்கு பள்ளியில் ஆண்டு முழுவதும் நடக்கும் மதிப்பீடுகளிலிருந்து வருகிறது, அதில் ஒன்று இது. வேறு நாளில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அத்தை மகள் வரவில்லையா என்று எல்லோரும் கேட்பார்களே என்றேன். அதற்கும் வேண்டாம் என்றாள்.

இதுவரை இந்த இழையில் நாம் சட்டத்தைக் கேட்டோம், பள்ளியைக் கேட்டோம், பஞ்சாங்கத்தைக் கேட்டோம். பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், ஓரிடத்திலும் இல்லை. நான்காம் வகுப்புப் பையனைக் கேட்டால் விமானம் என்பான், அது விடையாகாது. பதினேழு வயதுப் பெண்ணின் விடையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இரண்டு நாள் இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்ல முடியாது. எட்டு நாள் பொய்யாகப் பள்ளியை விட்டு அழைத்துப் போனபோது அவளுக்கு வயது பத்து, அப்போதும் வகுப்புத் தேர்வு ஒன்று விட்டுப்போனது என்று இப்போது சொல்கிறாள். ஏன் அன்று சொல்லவில்லை என்றேன். மூச்சுவிடக் கூடாது என்று சொன்னீர்களே அம்மா என்றாள்.

பிப்ரவரி 2

ஃபீனிக்ஸ் குடும்பம் நேற்றுத் தைப்பூசத்தன்று திரும்பி வந்து சேர்ந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஐந்து நாள்கள், பதிவேட்டில் காரணத்தோடு. பையனுக்கு விட்டுப்போன கணக்குப் பயிற்சி பதினான்கு பக்கமாம், நான்கு பக்கம் துபாய் விமான நிலையத்தில் முடிந்ததாம். இன்று காலை இளையவள் வகுப்புக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டு போயிருக்கிறாள்.

பிப்ரவரி 8

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். கல்யாணம் நன்றாக நடந்தது. மகளும் என் மாமியாரும் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டில் இருந்தார்கள். இங்கே ஏழரை என்றால் அங்கே விடியற்காலை நான்கு. இருவரும் எழுந்து குளித்து, மாமியார் பட்டுப்புடவையும் மகள் பள்ளிச் சீருடையும் அணிந்து, ஒரு கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டியபோது அங்கிருந்து அட்சதை போட்டார்களாம், அரிசி முழுவதும் கைப்பேசியின் மேல். மாலை மாற்றும்போது தொடர்பு அறுந்துவிட்டது, மீண்டும் வந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. அவள் ஏழரைக்குப் பள்ளியில் இருந்தாள். தேர்வு எப்படி என்று கேட்டேன், வாழைக்காய் வறுவல் இருந்ததா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.